அணைந்துபோன நாலாவது விளக்கு

நாலாவது விளக்கு முதலாளியின் மேசைமேல், ஒரு வெள்ளைத் துண்டின் நடுவில், நீட்டிப் படுத்திருந்தது. முழங்கை நீளக் கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் வெள்ளைப் பீங்கான் மூடி.

“இதுதாம்மா காரணம். இது செத்துப் போனதைக் கவனிக்காம மெஷினை ஓட்டினவ வெளியில கேட் ரூம்ல உட்கார்ந்திருக்கா. மூணு மணிக்குப் போலீஸ் வருது. அஞ்சு மணிக்குச் சுகாதார அதிகாரி. அதுக்குள்ள நீங்க விசாரிச்சு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டா போதும்,” என்றார் முதலாளி.

“முடிவை நீங்களே சொல்லிட்டீங்க சார். எழுத்துப்பிழை பார்க்கத்தான் எங்களைக் கூப்பிட்டீங்களா?” என்றான் ரேடியோ.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அது ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்காது என்பது இருவருக்குமே தெரியும்.

பதினாறு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் மற்றவர்களுடைய ரத்தத்தையும் சளியையும் பார்த்துச் சலித்துப்போய், மனிதர்களின் பொய்களைப் பரிசோதிக்கலாம் என்று துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அண்ணி. அவளுக்கு ஒரே உதவியாளன், அவளுடைய கணவனின் தம்பி. நிறுத்தாமல் பேசுவதால் குடும்பமே அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. அவன் அவளை அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

“முதல்லேருந்து சொல்லுங்க,” என்றாள் அண்ணி.

முதலாளி சொன்னார். திங்கட்கிழமை பாட்டிலில் அடைத்த பழச்சாறு ஒரு தையல் கம்பெனிக்குப் போயிருக்கிறது. அதைக் குடித்த பதினொரு பெண்களுக்கு வயிற்றுப்போக்கு. பன்னிரண்டாவதாக ஒரு நாலு வயதுக் குழந்தை. அம்மா பாதி பாட்டிலை மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். குழந்தை சிறுநீரகம் பாதித்து ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் இருக்கிறது.

“சாறைக் கொதிக்க வெச்சா கிருமி சாகும். கூடவே ருசியும் செத்துடும். அதனால நாங்க சூடே பண்றதில்லை. மெல்லிசான கண்ணாடிக் குழாய்ல ஓட விட்டு, சுத்தி நாலு யூவி விளக்கு. புற ஊதா வெளிச்சம் பட்டா எப்பேர்ப்பட்ட கிருமியும் அவுட். பத்து வருஷமா ஒரு புகார் கிடையாது. இன்னிக்குக் காலைல கண்ணாடி வழியா பார்த்தா நாலாவது விளக்கு எரியலை!”

“இப்ப?”

“புது விளக்கு மாட்டியாச்சு. திங்கள்லேருந்து நேத்து வரைக்கும் அடைச்சதையெல்லாம் திரும்ப வரவழைச்சாச்சு. காலைல புதுசா ஓட்டினது சுத்தமான சரக்கு.”

அண்ணி விளக்கை இரண்டு கையாலும் எடுத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். பிறகு துண்டைப் பார்த்தாள். விளக்கு படுத்திருந்த இடத்தில் வெள்ளைத் துண்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

எழுந்தாள்.

கேட்டுக்குப் போகும் வழியில் ஒரு லாரிக்காக ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. பெட்டி பெட்டியாகப் பாட்டில்கள் குலுங்கிக்கொண்டே வெளியே போயின.

கேட் ரூமில் ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு காவலாளி. பெஞ்சின் ஓரத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பத்து வருஷமாக அந்த நாலு விளக்குகளையும் துடைத்துப் பராமரித்தவள். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் விளக்கக்கா.

“அழுதீங்களா?” என்று கேட்டாள் அண்ணி.

“எதுக்கு அழணும்? நான் தப்புப் பண்ணலை.” கண்ணில் ஒரு சிவப்பும் இல்லை. “நேத்து அஞ்சரைக்கு நான் கிளம்பும்போது நாலு விளக்கும் எரிஞ்சுது. திங்கக்கிழமையும் எரிஞ்சுது. எழுதி வெச்சிருக்கேன்.”

“பொய்யா எழுதினீங்கன்னு சொல்றாரு உங்க முதலாளி.”

“சொல்லட்டும்.” விளக்கக்கா பையின் வாரை முறுக்கினாள். “விளக்கு எரிஞ்சுதும்மா. ஆனா வெளிச்சம் போகலை.”

“அப்படின்னா?”

“அதுக்கு மேல கேட்காதீங்க. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியாச்சு. அவங்க பார்த்துக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்காங்க. என் வாயால வெளியில வரக்கூடாது.”

“வாக்குக் குடுத்தவங்க இன்னிக்கு எங்கக்கா? மூணு மணிக்கு ஜீப்பு வரப்போகுதே, அவங்களும் கூட ஏறுவாங்களா?” என்றான் ரேடியோ.

வாரை முறுக்கிய விளக்கக்காவின் விரல்கள் நின்றன.

அண்ணி காவலாளி பக்கம் திரும்பினாள். “இவங்க கிளம்பினதுக்கு அப்புறம் நேத்து உள்ளே யார் இருந்தது?”

“ஆறு மணிக்கு எல்லாரும் போயாச்சுங்க. முதலாளி வீட்டு ஆளுங்க மட்டும்தான். முதலாளி, பொண்ணு, மாப்பிள்ளை. ஏழு மணிக்கு மூணு பேரும் ஒரே கார்ல போனாங்க.”

“விளக்குப் பெட்டியைத் திறந்தா என்ன ஆகும்?”

“ஐயோ, விளக்கு பூரா அணைஞ்சு சைரன் அலறும்ங்க. நான் ஓடணும். நேத்து அலறலை. காதைப் பொத்திக்கிட்டாக் கூட கேட்கும்.”

வெளியே வந்ததும் ரேடியோ சொன்னான். “அண்ணி, நம்மளைக் கூப்பிட்ட குடும்பத்துலதான் ஆள் இருக்கு போல. சாப்பாடு போடுறேன்னு சொன்னா சாப்பிடலாமா வேண்டாமா?”

“ஜூஸ் மட்டும் குடிக்காதே.”

மெஷின் அறை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்தது. வெள்ளைச் சுவர், ஈரமான தரை, நடுவில் ஆளுயர எஃகுப் பெட்டி. அதன் கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் நாலு விளக்குகளின் வெளிர்நீலம் மங்கலாகத் தெரிந்தது.

அங்கே முதலாளியின் மகள் நின்றிருந்தாள். முப்பது வயது. கம்பெனியின் தரம் பார்ப்பது அவள் பொறுப்பு. மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கை லேப் கோட். இமைகள் வீங்கி, கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன.

“விளக்கக்கா என்னைத் தூக்கி வளர்த்தவங்க,” என்றாள். குரல் கம்மியிருந்தது. “போலீஸ் வேணாம்னு அப்பாகிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கலை. காலைலேருந்து அழுதுக்கிட்டே இருக்கேன்.” கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். “மணி என்ன ஆகுது?”

“ஒண்ணே கால்,” என்றான் ரேடியோ.

“அவங்களை எப்படியாவது காப்பாத்துங்க. ஏதோ மறதியில நடந்துடுச்சுன்னு எழுதினாக் கூடப் போதும்.” அவள் ஜன்னல் வெயிலைத் தவிர்த்துத் தலையைக் குனிந்துகொண்டே வெளியே போனாள்.

“நல்ல மனசு,” என்றான் ரேடியோ.

“நல்ல மனசுதான். ஆனா மறதின்னு இல்லாததை எழுதச் சொல்லுது,” என்றாள் அண்ணி. “அந்தக் கதவைத் திற.”

திறந்தான். விளக்குகள் அணைந்தன. அடுத்த நொடி சைரன் அலறியது. ரேடியோ துள்ளிக் குதித்தான். காவலாளி ஓடிவந்து நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பிப் போனான்.

பெட்டிக்குள்ளே வளையம் வளையமாகச் சுற்றிய கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றி நாலு விளக்குகள். அண்ணி உள்சுவரில் விரலை வைத்துத் தேய்த்து ரேடியோவின் மூக்குக்கு நேரே காட்டினாள். விரல் சுத்தமாக இருந்தது.

“இறுக்கமா மூடின பெட்டி. தூசி நுழையவே வழியில்லை. ஆனா முதலாளி மேசைல இருந்த விளக்கு வெள்ளைத் துண்டை அழுக்காக்கி வெச்சிருக்கு.”

“அப்ப அது இங்கே இருந்த விளக்கே இல்லை!”

“பழைய விளக்கெல்லாம் எங்கே போடுவாங்க?”

மூலையில், அலமாரியின் மேல்தட்டில் கிடந்தன. ஆயுள் முடிந்து, விளக்குக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவதற்காக வரிசையாக அடுக்கிய விளக்குகள். எட்டு. கீழிருந்து பார்க்க எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி. ரேடியோ ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தான்.

“செத்தவன், செத்தவன், செத்தவன்… அண்ணி, இந்த ஆறாவது ஆள் மட்டும் குளிச்சு முழுகிப் பளபளன்னு இருக்கான்.”

“இறக்கு. புது விளக்கைக் கழட்டிட்டு அதை மாட்டிக் கதவை மூடு.”

மூடினான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நாலு விளக்குகளும் வெளிர்நீலமாக எரிந்தன.

ரேடியோ மெதுவாக விசில் அடித்தான். “உயிரோட இருந்தவனைப் பிணத்தோட படுக்க வெச்சுட்டு, பிணத்தைக் கொண்டுபோய் வேலைக்கு அனுப்பியிருக்காங்க.”

“நேத்து சாயங்காலம், ஆறிலேருந்து ஏழுக்குள்ள. சைரன் அலறாம.” அண்ணி கதவின் விளிம்பில் குனிந்தாள். கதவு மூடும்போது அமுங்கும் சின்னப் பொத்தான் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி டேப் ஒட்டி உரித்த பிசின். “பொத்தானை டேப் போட்டு அமுக்கியிருக்காங்க. கதவு மூடியிருக்குன்னு மெஷின் நினைச்சுக்கிட்டிருக்கும். சைரன் இல்லை. ஆனா மத்த விளக்கும் அணைஞ்சிருக்காது. அதுக்கு முன்னால நின்னுதான் ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணை மாட்டியிருக்கணும்.”

“நின்னா என்ன?”

“லேப்ல ஒரு தடவை நான் நின்னிருக்கேன். அப்ப ஒண்ணும் தெரியாது. மறுநாள் காலைல கண்ணுல மிளகாய்ப்பொடி தூவின மாதிரி இருக்கும். வெளிச்சத்தையே பார்க்க முடியாது. தோல் வெந்துபோகும். பாதுகாப்புக் கண்ணாடி இருந்தா தப்பிக்கலாம்.”

‘பாதுகாப்புக் கண்ணாடி’ என்று எழுதிய விளக்கக்காவின் இரும்புப் பெட்டி சுவரோரம் இருந்தது. பெட்டி பூட்டியிருந்தது. சாவி அவளுடைய பையில்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் மாப்பிள்ளை. விற்பனை அவர் பொறுப்பு. மடிப்புக் கலையாத சட்டை, தாராளமான சிரிப்பு. கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி.

ரேடியோ அண்ணியின் முழங்கையை இடித்தான். இடித்தது போதாது என்று கண்ணாலும் ஜாடை காட்டினான்.

“சார், ஃபிரேம் அட்டகாசமா இருக்கு. எங்க வாங்கினீங்க? ஒரு நிமிஷம் குடுங்க, போட்டுப் பார்க்கிறேன்.”

மாப்பிள்ளை சந்தோஷமாகக் கழற்றிக் கொடுத்தார். அவருடைய கண்கள் பால் மாதிரி வெளுத்து, தெளிவாக இருந்தன.

ரேடியோ கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

“உங்களுக்குப் பொருந்தலை,” என்றார் மாப்பிள்ளை.

“எனக்கும் அப்படித்தான் தோணுது சார். நான் நினைச்ச எதுவுமே பொருந்தலை.”

அண்ணி குறுக்கிட்டாள். “நீங்க ஒவ்வொரு நாளும் அடைக்கிறதுல ஒரு பாட்டில் மாதிரிக்கு எடுத்து வைப்பீங்க இல்லையா? அதைப் பார்க்கணும்.”

குளிர் அறையில் தேதிவாரியாகப் பாட்டில்கள் நின்றன. அண்ணி ரேடியோவிடம் கையை நீட்டினாள்.

“உன் டிரைவிங் லைசென்ஸைக் குடு.”

“நான் என்ன பண்ணினேன்?”

லைசென்ஸை ஒரு மாதத்துக்கு முந்தைய பாட்டிலுக்குப் பின்னால் பிடித்தாள். தங்க நிறச் சாற்றுக்குப் பின்னால் ரேடியோவின் புகைப்படம் மஞ்சளாக, ஆனால் மீசை வரைக்கும் தெரிந்தது. அடுத்த பாட்டில். தெரிந்தது. அடுத்தது. தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய பாட்டிலுக்கு வந்ததும் முகம் காணாமல் போனது. அதற்குப் பிந்தைய எந்தப் பாட்டிலிலும் அது திரும்ப வரவில்லை.

“இந்தப் பாட்டில்லதான் நான் பார்க்க லட்சணமா இருக்கேன்,” என்றான் ரேடியோ.

“உன் மூஞ்சியே இந்தப் பக்கம் வர முடியலைன்னா, வெளிச்சம் எப்படி உள்ளே போகும்?”

அவன் சிரிக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான். கேட் ரூம் பெஞ்சில் கேட்ட வார்த்தை அவனுக்கும் நினைவு வந்துவிட்டது. விளக்கு எரிஞ்சுது. வெளிச்சம் போகலை.

“மூணு வாரத்துக்கு முன்னால என்ன மாத்தினீங்க?” என்று மாப்பிள்ளையைக் கேட்டாள் அண்ணி.

“ஓ, அதுவா! என் ஐடியாதான்.” அவர் முகம் மலர்ந்தது. “சாறு தண்ணி மாதிரி இருக்குன்னு வாடிக்கையாளர்கள் சொன்னாங்க. அதனால கடைசி வடிகட்டியை எடுத்துட்டோம். இப்ப பழத்தோட சதையெல்லாம் அப்படியே இருக்கு. வீட்டுல பிழிஞ்ச மாதிரி. பயங்கர வரவேற்பு.”

“சதைத் துணுக்கு ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் கிருமி நிழல்ல உட்கார்ந்திருக்கும். புற ஊதா வெளிச்சம் தொட்டாத்தான் அதுக்குச் சாவு. கலங்கின சாறுல மேலாகத் தொட்டுட்டு நின்னுடும். இது யாருக்கும் தோணலையா?”

மாப்பிள்ளையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “நான் விற்பனைக்காரன். எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. சோதனை பண்ணிப் பார்த்துட்டுத்தான் சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க.”

“யாரு?”

“என் வீட்டுக்காரி.”

ரேடியோ லைசென்ஸை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அண்ணி அன்று காலை அடைத்த பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். “எல்லாரையும் முதலாளி அறைக்கு வரச் சொல்லுங்க.”

இரண்டே முக்காலுக்கு முதலாளி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி தூசியைப் பற்றிச் சொன்னாள். அலமாரியில் எரியும் விளக்கு கிடைத்ததைச் சொன்னாள். முதலாளி மேசையில் ஓங்கிக் குத்தினார்.

“அப்ப திங்கக்கிழமை நாலு விளக்கும் எரிஞ்சிருக்கு! நம்ம சாறுல கோளாறே இல்லை! எவனோ போட்டிக்காரன் பண்ணின வேலை!”

“இருக்கலாம்.” அண்ணி பாட்டிலைத் திறந்து ஒரு கிளாஸில் ஊற்றி மேசைமேல் வைத்தாள். சாறு கெட்டியாக, கலங்கலாக இறங்கியது. “காலைல நாலு நல்ல விளக்குக்கு நடுவுல ஓட்டினது. இது சுத்தம்தானே?”

“சுத்தம்தானேன்னா கேட்கறீங்க? இதே சரக்குதான் ஒரு மணிக்கு லாரில ஸ்கூல் விளையாட்டு விழாவுக்குப் போயிருக்கு. முந்நூறு பிள்ளைங்க குடிக்கப் போறாங்க. நான் குடிக்க மாட்டேனா?”

முதலாளி கிளாஸை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

“அப்பா!”

மகள் பாய்ந்து தட்டிவிட்டாள். கிளாஸ் சுவரில் மோதி உடைந்தது. சாறு முதலாளியின் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளுடைய நீட்டிய கை இன்னும் காற்றிலேயே நின்றிருந்தது. லேப் கோட்டின் பொத்தான் தெறித்து, கைமடிப்பு முழங்கை வரை ஏறியிருந்தது. கை முழுக்க நெருப்புப் பட்டதுபோல் சிவந்திருந்தது. மணிக்கட்டில் மட்டும் ஒரு கைக்கடிகாரம் அளவுக்கு, வார் உட்பட, வட்டமாக வெள்ளைத் தோல்.

“வலிக்கிறதால இன்னிக்குக் கடிகாரம் கட்டலை,” என்றாள் அண்ணி தாழ்ந்த குரலில். “நேத்து விளக்கு மாத்தும்போது கட்டியிருந்தீங்க.”

மகள் அதைக் காதில் வாங்கவில்லை. “லாரில போயிருச்சா? இன்னிக்கு ஓட்டினதா? நான் சோதிக்கிற வரைக்கும் கிடங்கை விட்டு எடுக்கக்கூடாதுன்னு சொன்னேனே… யாரு எடுத்தது?”

“நான்தான்மா,” என்றார் முதலாளி. “விளக்கு மாத்தியாச்சே…”

“விளக்குல ஒண்ணும் இல்லைப்பா! லாரியை நிறுத்துங்க. ஐயோ, நிறுத்துங்க!”

மாப்பிள்ளை போனை எடுத்தார். டிரைவர் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் மைதானத்தில் இருப்பார்கள். ரேடியோ அதற்குள் அண்ணியின் ஸ்கூட்டர் சாவியோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு நிமிஷத்தில் மைதானம். கடைசி ஓட்டம் முடிந்து, வேர்த்து விறுவிறுத்த பிள்ளைகள் லாரியைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் இறங்கிவிட்டன. முன்வரிசையில் பத்துப் பதினைந்து கைகளில் பாட்டில்கள். ஒருத்தி மூடியைப் பல்லால் கடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

அங்கே போய் ஒவ்வொரு பாட்டிலாகப் பிடுங்க நேரமில்லை. ரேடியோ மேடையில் தாவி, பரிசுப் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்த ஆசிரியையின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

“யாரும் குடிக்காதீங்க! பாட்டிலைக் கீழே வைங்க! அது கெட்டுப்போன ஜூஸ், குடிச்சா ஆஸ்பத்திரி!”

முந்நூறு பேரும் சேர்ந்து “ஊ…” என்று கத்தினார்கள்.

“கத்துங்க, நல்லாக் கத்துங்க! ஆனா பாட்டிலை வெச்சுட்டுக் கத்துங்க! ஏய், சிவப்பு ரிப்பன், உன்னைத்தான். வாயிலேருந்து எடு!”

சிவப்பு ரிப்பன் மூடியைத் துப்பிவிட்டு, அவனை முறைத்துக்கொண்டே பாட்டிலைத் தரையில் வைத்தாள். ரேடியோ பேசிக்கொண்டே இருந்தான். ஆசிரியர்கள் ஓடிவந்து கடைசிப் பாட்டிலையும் வாங்கி லாரியில் ஏற்றும்வரை, இருபது நிமிஷம், மூச்சுவிடாமல் பேசினான். அவன் வாழ்க்கையில் யாரும் அவனை நிறுத்தச் சொல்லாத இருபது நிமிஷம்.

அவன் திரும்பி வந்தபோது முதலாளி அறையில் ஜீப்போடு வந்த போலீஸ்காரர் ஒருவர் கதவோரம் நின்றிருந்தார். விளக்கக்காவைக் கேட் ரூமிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள்.

“யாரும் குடிக்கலை,” என்றான் ரேடியோ. தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது.

மகள் நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் தோளில் கை வைக்கப் போனவர், வெந்த தோலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“நான் சொன்னேனே பாப்பா,” என்றாள் விளக்கக்கா. “சாறு கலங்கலா வருது, வெளிச்சம் போகாதுன்னு அன்னிக்கே சொன்னேன். பார்த்துக்கறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னே. வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன். காலைல ஜீப்பு வருதுன்னு சொன்னப்பக்கூட, நீ வந்து சொல்லிடுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

மகள் நிமிர முயன்றாள். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் கண்கள் இறுக மூடிக்கொண்டன. நீர் தாரை தாரையாக வழிந்தது.

விளக்கக்கா மேசைமேலிருந்த கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். மகளின் கண்களின் மேல் வைத்தாள்.

“எனக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு. கண்ணு மூணு நாள்ல சரியாயிடும். மத்தது எனக்குத் தெரியாது.” பையை எடுத்துக்கொண்டு கதவு பக்கம் போய் நின்றாள். போகவில்லை.

அண்ணி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் மகளுக்கு முன்னால் நகர்த்தினாள். “அதிகாரி வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. மூணு வாரச் சரக்கு எங்கெங்கே போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சாகணும். ஆஸ்பத்திரிக்கும் தெரியணும். நீங்களே எழுதிக் குடுத்தா நல்லது.”

மகள் பேனாவை எடுத்தாள். தாளின் மேல் குனிந்தாள். இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் கோடு தாளை விட்டு வெளியே போனது.

“எழுத்து தெரியலை,” என்றாள். “அப்பா, நீங்க எழுதுங்க. நான் சொல்றேன்.”

முதலாளி சாறு காய்ந்து ஒட்டிய சட்டையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவை வாங்கினார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். வடிகட்டியை எடுத்த தேதி. சோதனை முடிவு வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டது. முடிவு வந்த சனிக்கிழமை. சோதனைத் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்திருந்ததைப் பார்த்தது. கணவரையும் அப்பாவையும் எதிர்கொள்ளப் பயந்து, குழாயில் சாற்றின் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தது. திங்கட்கிழமை சாறு வெளியே போனது. குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி. பிறகு, பழி விளக்கின்மேல் விழட்டும் என்று அதை மாற்றியது.

அவர் கை ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் யோசித்து, ஒரு வார்த்தையை எழுதினார்.

“என்னப்பா எழுதினீங்க? படிங்க.”

முதலாளி தொண்டையைச் செருமினார். “‘திங்கட்கிழமைச் சரக்கில் கிருமி இருக்கும் என்பது தெரியாமல் அனுப்பிவிட்டேன்…’”

மகள் கண்மேல் இருந்த ஈரத்துணியை எடுத்தாள். ஒன்றும் தெரியாத அந்தச் சிவந்த கண்களால் அப்பாவின் முகம் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

“அதை அடிச்சுடுங்கப்பா,” என்றாள். “தெரிஞ்சேதான்னு எழுதுங்க.”